பெட்ரோல் பங்கும் கடன் அட்டையும்: வரம்பை வகுப்பவர் யார்?

வயலுக்கு இடும் வரப்பை வரம்பு என்றும் நம் முன்னோர் வழங்கினர். பாய்ச்சிய நீர் வழிந்தோடாமல் காப்பது வரம்பு. ஒருவன் நிலம் எங்கே முடிகிறது, அடுத்தவன் நிலம் எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டுவதும் வரம்பே. ஆதலின் வரம்பு என்ற சொல்லைக் கேட்டதும் நம் அங்கத்தினர் எவரும் முகம் சுளிப்பதில்லை. ஆயினும், அதைப் போடுபவர் யார், யாருடைய நலனுக்காகப் போடுகிறார், போடுமுன் நமக்குச் சொன்னாரா என்னும் மூன்று கேள்விகளையும் கேட்கும் உரிமை நிலத்துக்குரியவனுக்கு உண்டு. இம்மாதம் அக்கேள்விகளை வயல்வெளியில் அன்று, பெட்ரோல் பங்கின் வாசலில் நின்று கேட்க விரும்புகிறோம்.

இவ்விஷயம் நம் கவனத்துக்கு வந்த விதத்தை முதலில் கூறுவோம். சென்ற அறுவடைக் காலத்தில் அங்கத்தினர் ஒருவர் சங்க அலுவலகத்துக்கு ஒரு தாளைக் கொண்டுவந்தார். அது அவருடைய கடன் அட்டையின் மாதக் கணக்கு. டிராக்டர் வேலைக்கென்று ஒரே நாளில் 9,000 ரூபாய்க்கு அவர் டீசல் பிடித்திருந்தார். கணக்கிலோ 9,106 ரூபாய் 20 பைசா கண்டிருந்தது. "பங்கிலே கொடுத்த சீட்டில் ஒன்பதாயிரந்தானே இருக்கிறது? இந்த நூற்றாறு ரூபாய் எங்கிருந்து முளைத்தது?" என்று அவர் கேட்டார். காரியதரிசியால் உடனே பதில் கூற இயலவில்லை.

அருகிலிருந்த நெசவாளர் அங்கத்தினர் ஒருவர் தம் கணக்கையும் எடுத்துப் பார்த்தார். நூல் எடுத்து வரவும், நெய்த புடவையைச் சங்கத்தில் ஒப்படைக்கவும் மொபெட்டில் போய்வருபவர் அவர். வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் 200 ரூபாய்க்குப் பெட்ரோல் போடுவது அவர் வழக்கம். அவருக்கும் ஒவ்வொரு முறையும் 2 ரூபாய் 36 பைசா ஏறியிருந்தது. ஒருவர் அதிகம் வாங்கினார். மற்றவர் குறைவாக வாங்கினார். இருவருக்கும் ஒரே தண்டனை! இதன் காரணத்தை விசாரித்தறிந்து கூறுவது இப்பத்திரிகையின் கடமையாயிற்று.

எங்கும் உள்ள வழக்கம்

கடன் அட்டையைக் கொண்டு எண்ணெய் வாங்குவோருக்கு வரம்பு இடும் வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அதன் வெளிப்படையான வடிவத்தைக் காண வேண்டுமானால் அமெரிக்க ஐக்கிய நாடுகளைப் பார்க்க வேண்டும். அங்கே பெரும்பாலான பங்குகளில் எண்ணெய் ஊற்ற ஆள் இல்லை. வண்டிக்காரர் தம் அட்டையை யந்திரத்தில் செருகி, குழாயை எடுத்துத் தாமே ஊற்றிக்கொள்கிறார். எத்தனை காலன் ஊற்றுவார் என்பது ஊற்றி முடியும் வரையில் எவருக்கும் தெரியாது. ஆகவே, குழாய் திறக்குமுன் யந்திரம் வங்கியிடம் முன் அனுமதி கேட்கிறது. சில இடங்களில் ஒரே ஒரு டாலருக்கு அனுமதி கேட்கப்படும். சில இடங்களில் வரம்பின் முழுத் தொகைக்கும் கேட்கப்படும்.

அட்டை திருட்டு அட்டையாக இருந்துவிட்டால் நஷ்டம் யாரைச் சாரும்? அங்கேதான் வரம்பு பிறக்கிறது. அட்டை நிறுவனங்கள் வகுத்த ஒரு தொகை வரையில் பங்குக்காரருக்குப் பாதுகாப்பு உண்டு. அதற்கு மேல் ஊற்றப்பட்ட எண்ணெயின் நஷ்டம் அவர் தலையில் விழும். ஆகையால், அந்தத் தொகையை எட்டியதும் குழாய் தானே நின்றுவிடுமாறு பங்குக்காரர் ஏற்பாடு செய்துவிடுகிறார். தொட்டி பாதிதான் நிறைந்திருக்கும், யந்திரம் நின்றுவிடும். வண்டிக்காரர் மறுபடியும் அட்டையைச் செருக வேண்டும், அல்லது உள்ளே போய்ப் பணம் கட்ட வேண்டும்.

2008ஆம் ஆண்டில் அந்நாட்டில் பெட்ரோலின் சராசரி விலை காலனுக்கு 4 டாலரைத் தாண்டியபோது இந்தத் தொல்லை பெருகியது. 2022 ஜூனில் விலை 5 டாலரையும் தாண்டியது. அவ்வாண்டில் விசா, மாஸ்டர்கார்டு ஆகிய இரு பெரிய நிறுவனங்களும் பங்கு யந்திரத்துக்குரிய வரம்பை 125 டாலரிலிருந்து 175 டாலராக உயர்த்தின. அப்படி உயர்த்தியும், 36 காலன் கொள்ளும் தொட்டியுடைய பெரிய பிக்கப் வண்டியை வைத்திருக்கும் விவசாயிக்கு அது போதவில்லை. முப்பத்தாறை ஐந்தால் பெருக்கினால் 180 ஆகிறதல்லவா?

மறுபுறம், வரம்பு உயர்ந்ததே ஏழைக்குத் தொல்லையாயிற்று. கணக்கிலுள்ள பணத்தை நேரே எடுக்கும் டெபிட் அட்டையை அவர் செருகினால், 30 டாலருக்கு ஊற்றியிருந்தாலும் 175 டாலர் முழுவதும் சில மணி நேரமோ, சில நாட்களோ முடக்கிவைக்கப்படக்கூடும். கணக்கில் 200 டாலர் மட்டும் வைத்திருக்கும் கூலிக்காரர் அன்று மாலை அரிசி பருப்பு வாங்கக் கடைக்குப் போனால் கையை விரிக்க நேரும். தாழ்ந்த வரம்பு பெரிய தொட்டிக்காரரை வருத்துகிறது. உயர்ந்த வரம்பு சிறிய கணக்குக்காரரை வருத்துகிறது. இரண்டையும் வகுத்தவர் இவ்விருவரையும் மனத்திற்கொண்டு வகுக்கவில்லை; தம் நஷ்டத்தைத் தடுப்பதையே கருதி வகுத்தார். இது நாம் அறிந்துகொள்ள வேண்டிய முதற்பாடம்.

நம் நாட்டு வரலாறு

நம் நாட்டுப் பங்குகளில் எண்ணெய் ஊற்ற ஆள் இருக்கிறார். எவ்வளவு வேண்டும் என்று கேட்டபின்தான் அவர் குழாயை எடுக்கிறார்; ஊற்றியபின் அட்டையைத் தேய்க்கிறார். எனவே பாதியில் நிற்கும் யந்திரம் நமக்கு இல்லை. நம்முடைய வரம்பு வேறு வடிவம் கொண்டது. அது குழாயை நிறுத்துவதில்லை. மாதக் கடைசியில் கணக்குத் தாளில் வந்து நிற்கிறது.

கடன் அட்டையால் எரிபொருள் வாங்கினால் பொதுவாக நூற்றுக்கு ஒரு ரூபாய் கூடுதல் கட்டணமாக விதிக்கப்படுகிறது. அக்கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்கிறது. வாங்கிய தொகை ஒரு கீழ் எல்லைக்கும் ஒரு மேல் எல்லைக்கும் இடையே இருந்தால் கட்டணத்தை வங்கி தள்ளுபடி செய்யும். பல அட்டைகளில் கீழ் எல்லை 400 ரூபாய்; மேல் எல்லை 4,000 அல்லது 5,000 ரூபாய். மாதத்துக்கு இவ்வளவுதான் தள்ளுபடி என்னும் உச்ச அளவும் உண்டு. தள்ளுபடி கிடைத்தாலும் கட்டணத்தின் மேல் விதித்த ஜி.எஸ்.டி. திரும்புவதில்லை. இந்த எண்கள் அட்டைக்கு அட்டை வேறுபடும். இவையன்றி, ஒரே முறையில் 15,000 ரூபாய்க்கு மேல் எரிபொருள் வாங்குவோர்க்கு 1 சதவீதக் கட்டணத்தை 2024 ஆகஸ்டு முதல் பெரிய தனியார் வங்கி ஒன்று புதிதாக விதித்தது.

இப்போது நம் இரு அங்கத்தினரின் புதிர் விளங்கும். விவசாயி 9,000 ரூபாய்க்கு வாங்கியதால் மேல் எல்லையைத் தாண்டினார். 90 ரூபாய் கட்டணமும், 16 ரூபாய் 20 பைசா வரியும் வந்தன. நெசவாளர் 200 ரூபாய்க்கு வாங்கியதால் கீழ் எல்லையை எட்டவில்லை. 2 ரூபாய் கட்டணமும், 36 பைசா வரியும் வந்தன. மாதச் சம்பளம் வாங்கி, காருக்கு ஒரு தடவை இரண்டாயிரமோ மூவாயிரமோ ரூபாய்க்கு எண்ணெய் பிடிக்கும் பட்டணத்து உத்தியோகஸ்தர் இவ்விரண்டு எல்லைகளுக்கும் நடுவே சௌகரியமாக அமர்ந்திருக்கிறார். சட்டை அவர் உடம்புக்கு அளவெடுத்துத் தைக்கப்பட்டது. மொபெட் ஓட்டும் நெசவாளருக்கு அது தொளதொளக்கிறது. டிராக்டர் ஓட்டும் விவசாயிக்கு அது தையல் விட்டுக் கிழிகிறது.

இக்கட்டணத்தை யார் தாங்குவது என்ற வழக்கும் புதிதன்று. 2016 நவம்பரில் உயர்மதிப்பு நோட்டுகள் செல்லாதென அறிவிக்கப்பட்டபின், அட்டையால் பணம் கட்டுவதை ஊக்குவிக்க எண்ணிய மத்திய அரசாங்கம், பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களின் பங்குகளில் அவ்வாறு கட்டுவோர்க்கு 0.75 சதவீதத் தள்ளுபடியை அவ்வாண்டு டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2017 ஜனவரியில் வங்கிகள் பங்குக்காரரிடம் 1 சதவீதம் கேட்கவே, அட்டைகளை ஏற்கமாட்டோம் என்று பங்குக்காரர் அறிவித்தனர். விற்பனையாளருக்குக் கிடைக்கும் கமிஷன் லிட்டருக்குச் சில ரூபாய்களே. அதில் எண்ணெய் விலையின் மேல் ஒரு சதவீதத்தை இழக்க அவர்கள் இசையாதது வியப்பன்று. பின்னர் அரசாங்கம் தலையிட்டு, அச்சுமை வாங்குவோர் மீதும் பங்குக்காரர் மீதும் விழாது என்று அறிவித்தது. எனினும், கடன் அட்டைக்கான 0.75 சதவீதத் தள்ளுபடி 2019 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது. பழக்கம் உண்டாகும் வரையில் வெல்லம் கொடுத்தார்கள். பழக்கம் வேரூன்றியபின் வெல்லத்தை நிறுத்திக்கொண்டார்கள். கடன் அட்டைக்குரிய கூடுதல் கட்டணமும் எல்லைகளும் மட்டும் நிலைத்துவிட்டன.

சிறு துளியும் பெரு நஷ்டமும்

"நூற்றாறு ரூபாய்க்கு இத்தனை ஆரவாரமா?" என்று கேட்பாரும் உளர். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் பழமொழி. அளக்காமல் போனது ஒரு ரூபாயாயினும் அது கணக்குப் பிழையே. எனினும், நம் கவலை நூற்றாறு ரூபாயோடு நிற்கவில்லை. பெரிய ஆபத்து அதற்கு அப்பால் இருக்கிறது.

பங்கில் அட்டையைத் தேய்த்த கணத்தில் விவசாயியின் கையிலிருந்து பணம் போகவில்லை. எண்ணெய் அன்றே எரிந்து புகையாகிவிட்டது. கடனோ அப்படியே நிற்கிறது. மாடு வாங்கிய கடனுக்கு மாடு நிற்கும். தறி வாங்கிய கடனுக்குத் தறி நிற்கும். எரிந்த எண்ணெய்க்கு எது நிற்கும்? நெல் விற்ற பணம் கைக்கு வரத் தாமதமாகும்; அட்டையின் கெடுவோ காத்திராது. முழுத் தொகையையும் கெடுவுக்குள் கட்டியவருக்கு வட்டி இல்லை, இது உண்மை. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டியவருக்கு வட்டியில்லா நாட்கள் என்னும் சலுகையே போய்விடும். அதன்பின் புதிதாக வாங்கும் எண்ணெய்க்கும் வாங்கிய நாள் முதலே வட்டி ஓடும்.

அவ்வட்டி எவ்வளவு? பல அட்டைகளில் மாதம் 3½ சதவீதத்தை ஒட்டியது. ஆண்டுக்கு 42 சதவீதம். 9,000 ரூபாய் நான்கு மாதம் நின்றால், வட்டிக்கு வட்டியைச் சேர்க்காமலே 1,260 ரூபாய் ஆகிறது. அதன் மேல் ஜி.எஸ்.டி. 226 ரூபாய் 80 பைசா. அதே 9,000 ரூபாயை ஆண்டுக்கு 7 சதவீத வட்டிக்குப் பயிர்க்கடனாகப் பெற்றிருந்தால் நான்கு மாத வட்டி 210 ரூபாய். நம் மாநிலத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் பயிர்க்கடனைத் தவணை தவறாமல் திருப்புவோர்க்கு அந்த 210 ரூபாயும் இல்லை. அரசாங்கமே அதை ஏற்கிறது. ஒரே விவசாயி, ஒரே டீசல், ஒரே நான்கு மாதம். கடனின் வாசல் மட்டும் மாறியது. 1,486 ரூபாய் 80 பைசா கரைந்தது!

இங்கே இன்னொரு உண்மையையும் அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். கடன் அட்டையில் ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வாணிபம் என்று தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2008 ஜூலையில் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பர் 20ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிவிட்டது. வட்டி வீதத்தைக் கட்டுப்படுத்துவது ரிசர்வ் வங்கியின் பொறுப்பேயன்றி ஆணையத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று என்பது அதன் முடிபு. சட்டத்தின் நெறியை நாம் குறை கூறவில்லை. ஆனால் விளைவைப் பார்ப்போம். எண்ணெய் வாங்குபவனுக்குக் கீழ் எல்லை, மேல் எல்லை, மாத எல்லை என்று மூன்று எல்லைகள் உள்ளன. அவன் கொடுக்கும் வட்டிக்கோ அப்படி ஓர் உச்ச எல்லை கல்லில் பொறிக்கப்படவில்லை.

வரம்பே வேண்டாமா?

நாம் வரம்புக்கு விரோதிகள் அல்லோம். அட்டை தொலைந்துபோகலாம்; திருடப்படலாம். இரகசிய எண்ணை அழுத்தாமல் அட்டையைக் காட்டியே பணம் கட்டும் முறைக்கு ரிசர்வ் வங்கி 2021 ஜனவரி 1 முதல் 5,000 ரூபாய் என்று எல்லை வகுத்திருப்பதால், திருடனுடைய கையும் ஓர் அளவில் நிற்கிறது. அத்தகைய வரம்பு நமக்குக் கவசம். கேளாமல் கடன் எல்லையை உயர்த்துவதையும், கேளாத அட்டையை வீட்டுக்கு அனுப்புவதையும் ரிசர்வ் வங்கி 2022ஆம் ஆண்டின் கட்டளையால் தடுத்திருப்பதையும் நாம் வரவேற்கிறோம். வரம்பு நல்லதா தீயதா என்பதை அதன் அளவைக் கொண்டு மட்டும் தீர்மானிக்க இயலாது. அது முன்கூட்டிச் சொல்லப்பட்டதா, அதற்கு உட்படுபவனின் தேவையைக் கண்டு வகுக்கப்பட்டதா, அவன் சம்மதம் பெறப்பட்டதா என்பவற்றைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும்.

நெசவாளர் ஒருவர் பாவு ஏற்றுமுன்பே அதன் நீளத்தை அறிவார். எத்தனை புடவை தேறும் என்று கணக்கிட்டபின்தான் தறியில் அமர்கிறார். முறைப்பாசனத்தில் நீர் பெறும் விவசாயி தம் முறை எப்போது தொடங்கி எப்போது முடியும் என்பதை முன்னதாகவே அறிந்து மடை திறக்கிறார். பாவு குறுகியதாக இருக்கலாம். முறை சில மணி நேரமே இருக்கலாம். ஆயினும் அவை பாதியில் அவரை ஏமாற்றுவதில்லை. அட்டையின் எல்லையோ, நெய்து முடித்தபின் பாவு குறைந்தது என்று சொல்லும் வரம்பாக இருக்கிறது. நம் குறை இதுவே.

கூட்டுறவு இயக்கம் இவ்விஷயத்தில் உலகுக்கு ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. சென்னை மாகாண அரசாங்கத்தின் பணிப்பில் ஐரோப்பிய நாட்டு நிலவங்கிகளை ஆராய்ந்த பிரெடரிக் நிக்கல்சன் தம் அறிக்கையை 1895, 1897ஆம் ஆண்டுகளில் அளித்தார். ஜெர்மனியில் ரெய்ஃபைசன் அமைத்த கிராமச் சங்கங்களின் முறையை அவர் மிகவும் போற்றினார். 1904ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நம் மாகாணத்தில் திரூரில் முதற்சங்கம் தோன்றியது. அவ்வழி வந்த சங்கங்களில் ஒருவர் எவ்வளவு கடன் பெறலாம் என்பதை அவரை அறிந்தவர்களே கூடி வகுத்தனர். அவர் நிலம் எவ்வளவு, பயிர் என்ன, நாணயம் எப்படி என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த வரம்பைக் குறைவென்று எண்ணியவர் எழுந்து கேட்கலாம். பதில் சொல்ல வேண்டியவரும் எதிரிலேயே அமர்ந்திருந்தார்.

இன்றும் கிசான் கிரெடிட் கார்டின் வரம்பு இவ்வாறே தேவையிலிருந்து தொடங்குகிறது. 1998ஆம் ஆண்டில் ஏற்பட்ட இத்திட்டத்தில், மாவட்ட அளவில் பயிருக்கு வகுக்கப்படும் கடனளவை நிலத்தின் பரப்பால் பெருக்கி, அதனுடன் அறுவடைக்குப் பிந்திய செலவுக்கும் குடும்பச் செலவுக்கும் 10 சதவீதமும், பண்ணைச் சாதனங்களின் பராமரிப்புக்கு 20 சதவீதமும் சேர்த்து வரம்பு கணக்கிடப்படுகிறது. உழவுக்கும் இறைப்புக்கும் ஆகும் எண்ணெய்ச் செலவு இக்கணக்கில் அடங்கும். ஈடில்லாமல் கொடுக்கும் கடனின் எல்லையும் 2025 ஜனவரி 1 முதல் 1 லட்சத்து 60 ஆயிரத்திலிருந்து 2 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. இதில் குறைகளே இல்லை என்று கூறமாட்டோம். ஆனால் வரம்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

செய்ய வேண்டுவன

ஆகவே, நாம் கோருவன இவை. முதலாவதாக, பங்கின் வாசலில் அன்றாட விலையை எழுதிவைக்கும் பலகைக்குப் பக்கத்திலேயே, கடன் அட்டைக்குரிய கூடுதல் கட்டணத்தையும், தள்ளுபடிக்கு எல்லைகள் உண்டு என்பதையும் தமிழில் எழுதிவைக்க வேண்டும். அட்டையைத் தேய்த்தவுடன் கொடுக்கும் சீட்டில் அக்கட்டணம் தனி வரியாக அச்சிடப்பட வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. சொல்ல வேண்டும் என்ற மனமே வேண்டும்.

இரண்டாவதாக, தள்ளுபடியின் மேல் எல்லை டிராக்டர், பம்புசெட், சரக்கு வண்டி ஆகியவற்றின் தேவையையும் கருதி வகுக்கப்பட வேண்டும். கீழ் எல்லை மொபெட்டுக்காரரையும் நினைந்து தாழ்த்தப்பட வேண்டும். எண்ணெய் விலை உயர்ந்தபோது அமெரிக்காவில் வரம்பு உயர்த்தப்பட்டது. விலை ஏறும் பொருளுக்கு ஏறாத எல்லை வைத்தால், ஆண்டுதோறும் அந்த எல்லை தானே சுருங்கிக்கொண்டு வருகிறது என்பதே பொருள்.

மூன்றாவதாக, நம் சங்கங்களே இத்துறையில் இறங்க வேண்டும். கூட்டுறவு நிறுவனங்கள் நடத்தும் பங்குகள் நம் மாநிலத்தில் உண்டு. தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்கள் எரிபொருள் விற்பனை நிலையங்களைப் பெற மத்திய அரசாங்கமும் 2023ஆம் ஆண்டில் வழி திறந்தது. சங்கத்தின் பங்கில், அங்கத்தினரின் பயிர்க்கடன் வரம்பிலிருந்தே டீசலுக்குப் பணம் செலுத்தும் முறை அமையுமானால், கூடுதல் கட்டணத்துக்கும் 42 சதவீத வட்டிக்கும் இடமிராது. நிலம், முதல், நிர்வாகம் ஆகிய மூன்றையும் நன்கு ஆராய்ந்தே இறங்க வேண்டும். அவசரத்தில் தொடங்கி நஷ்டத்தில் முடித்த முயற்சிகள் நம் இயக்கத்தில் இல்லாமலில்லை. எனினும், அடுத்த பொதுச்சபையில் இது பற்றி விவாதிக்கவேனும் வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

இவை நிறைவேறும் வரையில் அங்கத்தினர்கள் தாமே செய்துகொள்ளக்கூடியவையும் உண்டு. கையில் ரொக்கமோ, வங்கிக் கணக்கில் இருப்போ உள்ளவர் அதிலிருந்தே, யு.பி.ஐ. வழியாகவேனும், எண்ணெய்க்குப் பணம் கட்டுவது உத்தமம். அதில் கடன் அட்டைக்குரிய கூடுதல் கட்டணம் வருவதில்லை. கடன் அட்டைதான் வேண்டுமெனில், அதன் கீழ் எல்லை, மேல் எல்லை, மாத எல்லை ஆகிய மூன்றையும் வங்கியிடம் கேட்டு ஒரு சிறு தாளில் எழுதி அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். 9,000 ரூபாய்க்கு எண்ணெய் வேண்டியவர் வாரத்துக்கொரு முறை 3,000 ரூபாயாக மூன்று முறை வாங்கினால், 90 ரூபாய் தள்ளுபடி கிடைத்து, 16 ரூபாய் 20 பைசா வரியோடு தப்பலாம். வாரம் இருமுறை 200 ரூபாய்க்கு வாங்கும் நெசவாளர் ஒரே முறையில் 400 ரூபாய்க்கு வாங்கினால் அவரும் எல்லைக்குள் வந்துவிடுவார். மாதக் கணக்கு வந்தவுடன் பங்குச் சீட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். அவர்களைக் கொண்டு இதைச் செய்விக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் வரம்பை நீங்களே வகுத்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. கடையில் தேய்ப்பதற்கு இவ்வளவு, அட்டையைக் காட்டிக் கட்டுவதற்கு இவ்வளவு என்று அட்டைதாரரே எல்லை வகுக்கவும், வேண்டாத வசதியை அடைத்துவைக்கவும் வங்கிகள் வழி செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் உத்தரவிட்டது. வங்கி நமக்கு ஒரு லட்சம் ரூபாய் எல்லை கொடுத்திருக்கலாம். நெல் விற்று வரும் தொகையில், அல்லது மாதக் கூலியில், எவ்வளவைக் கெடுவுக்குள் கட்ட இயலும் என்பது நமக்குத்தான் தெரியும். அத்தொகையே நம் வரம்பு. வங்கி கொடுத்த எல்லை வங்கியின் கணக்கு. நாம் வகுத்த எல்லை நம் வீட்டின் கணக்கு.

நூற்றாறு ரூபாயைக் குறித்துக் கேள்வி கேட்ட அங்கத்தினருக்கு நாம் நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளோம். கணக்குத் தாளைப் படிக்காமல் மடித்து வைப்பவர் பலர், அவர் படித்தார். புரியாததைக் கேட்க வெட்கப்படுபவர் பலர். அவர் சங்கத்துக்கு வந்து கேட்டார். சங்கம் இருப்பது அதற்காகவே. இத்தகைய கணக்கு வேறு எவரிடமேனும் இருந்தால் காரியதரிசியிடம் கொண்டுவந்து காட்டுமாறு வேண்டுகிறோம். பத்துப் பேருடைய கணக்குகள் சேர்ந்தால் அதைக்கொண்டு வங்கிக்கும் அரசாங்கத்துக்கும் விண்ணப்பம் எழுதலாம். தனி ஒருவர் எழுப்பும் குரல் பங்கின் இரைச்சலில் அடங்கிவிடும்; சங்கத்தின் குரலை அவ்வாறு ஒதுக்கிவிட இயலாது.